கணக்குப் பார்க்காத உள்ளம்

வேதபாடம்: 2 சாமுவேல் 6-ம் அதிகாரம், மாற்கு 10:13-16



பிள்ளைகளைப்போல ஆவதைக் குறித்து இந்த மாதப் பாடத்தை எழுதும்படி பாஸ்டர் ஐயா கேட்டபோது, "ஐயா, இதற்கு நான் தகுதியில்லையே" என்றேன். தாழ்மைக்காகச் சொன்னதல்ல. 31 வருஷம் ஒரு கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்தவன் நான். ஒரு கட்டு நோட்டை மூன்று தரம் எண்ணிப் பழகிய கை இது. அந்தப் பழக்கம் கையோடு நிற்கவில்லை, மனசுக்கும் வந்துவிட்டது. ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிறதற்கு முன்னாலும் எண்ணிப் பார்ப்பேன். ஐயா சிரித்துக்கொண்டே, "அதனால்தான் உங்களை எழுதச் சொல்லுகிறேன்" என்றார். ஆகவே, பிரியமானவர்களே, இதைப் போதகனாக இருந்து எழுதவில்லை. ஒரு இடத்தில் தவறிப்போனவனாக எழுதுகிறேன்.

அந்தத் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014-ம் வருஷம். பாஸ்டர் ஐயா வெளியூர் கன்வென்ஷனுக்குப் போயிருந்தபடியால் அந்த ஞாயிறு ஆராதனையை நடத்துகிற பொறுப்பு என்னிடம் இருந்தது. சாட்சி நேரம். இரண்டு சகோதரிகள் சாட்சி சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் எழும்பவில்லை. அப்போது முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிலே ஒரு பையன், இரண்டாம் வகுப்பு படிக்கிறவன், யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டு, சத்தமாக, "எங்கப்பா நேத்து ராத்திரி குடிக்காம வீட்டுக்கு வந்தாங்க. என்கூட உக்காந்து சாப்பிட்டாங்க. இயேசப்பாவுக்கு ஸ்தோத்திரம்" என்றான்.

சபை முழுவதும் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. பையனுடைய அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். அவனுடைய அப்பா அன்றைக்குத்தான், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, கடைசி வரிசையில் தூண் ஓரமாக வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புதிதாக வந்த இரண்டு குடும்பங்கள் இருக்கிறார்களே, இவர்கள் என்ன நினைப்பார்கள், அந்த மனுஷனுக்கு அவமானமாகிவிட்டதே, பையன் இன்னும் எதையாவது சொல்லி வைத்தால் என்ன ஆகும்? இத்தனை கணக்கும் ஒரு நொடியில் போட்டேன். "சரி தம்பி, உக்காரு" என்று சொல்லிவிட்டு, கையைத் தட்டி ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டேன். கீபோர்டு தம்பியும் சுருதி பிடித்துவிட்டான். நிலைமையை நன்றாகச் சமாளித்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சில வாரம் கழித்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து, அந்தச் சகோதரி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு போடும்போது என் மனைவி அதை அப்படியே சொன்னாள். "பையன் சொன்னதும் அவுக எந்திரிச்சு நின்னாகளாம். என்னமோ சொல்ல வாயெடுத்தாகளாம். நீங்க பாட்டைத் தொடங்கிட்டீங்களாம். அப்புறம் அப்படியே செருப்பை மாட்டிட்டு வெளியே போயிட்டாகளாம்."

சோறு இறங்கவில்லை.

மீகாள் நின்ற ஜன்னல்

உடன்படிக்கைப் பெட்டி ஓபேத்ஏதோமின் வீட்டிலே மூன்று மாதம் இருந்து, பிறகு தாவீதின் நகரத்துக்கு வருகிறது. ராஜா சணல்நூல் ஏபோத்தைத் தரித்துக்கொண்டு தன் முழுப் பலத்தோடும் கர்த்தருக்கு முன்பாக ஆடுகிறான். சவுலின் குமாரத்தி மீகாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, தன் உள்ளத்திலே அவனை அவமதிக்கிறாள். நாம் பல தரம் கேட்ட பிரசங்கம்தான். மீகாளைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். நானும் வாலிபர் கூட்டத்தில் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

ஆனால் மீகாளை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். 1 சாமுவேல் 18-ல் அவள் தாவீதை நேசித்தாள் என்று எழுதியிருக்கிறது. 19-ம் அதிகாரத்தில், சவுலின் ஆட்கள் அவனைக் கொல்ல வந்து காத்திருந்த ராத்திரியில், தகப்பன் ராஜா என்று பார்க்காமல், தன் தலைக்கு என்ன வரும் என்று கணக்குப் பார்க்காமல், தாவீதை ஒரு ஜன்னல் வழியாக இறக்கிவிட்டவள் இதே மீகாள்தான்! ஒரு காலத்தில் ஜன்னலில் நின்று, நேசித்தவனுக்காகத் தன் உயிரையே பணயம் வைத்தாள். இன்னொரு காலத்தில் ஜன்னலில் நின்று அவனை அவமதித்தாள். நடுவிலே என்ன நடந்தது? தகப்பன் அவளை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். பிறகு ராஜ்யம் கைமாறும்போது அந்தப் புருஷனிடமிருந்தும் பிரித்துக் கொண்டுவந்தார்கள், அவன் பின்னாலேயே அழுதுகொண்டு வந்தான் (2 சாமுவேல் 3:16). அவளுடைய மனசு என்ன என்று ஒருவரும் கேட்டதாக வேதத்தில் இல்லை.

காயப்பட்ட மனசு கீழே தெருவுக்கு இறங்காது, பிரியமானவர்களே. அது மாடியில் நின்று பார்க்கும், அபிப்பிராயம் சொல்லும், ஆடுகிறவனுடைய வஸ்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். நாம் "எனக்கு இப்போ பக்குவம் வந்துட்டு" என்று சொல்லிக்கொள்ளுகிறதில் பாதி, பழைய காயம் காய்ந்து போன தடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. (அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுத்துப் பிள்ளையில்லாத சகோதரிகளை யாரும் குத்திப் பேசக் கூடாது. அப்படிப் பேசினதை நான் கேட்டிருக்கிறேன். அது தேவனுக்குப் பிரியமான காரியமல்ல.)

என்னுடைய தடத்தையும் சொல்லவேண்டும். 1998-ல் மகளுடைய கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த 40,000 ரூபாயை ஒரு சீட்டில் போட்டு இழந்தேன். நடத்தினவர் அவ்வளவு இனிமையாகப் பேசுவார். அதற்குப் பிறகு என் வீட்டு வாசலில் யார் நின்றாலும், "இவர் எதுக்கு வந்திருக்காரு?" என்பதுதான் என் முதல் நினைவு. வெள்ளந்தியாக இருந்து ஏமாந்தேன், இனிமேல் அப்படி இருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். பல வருஷம் கழித்து ஜெபத்தில் ஆவியானவர் அந்தக் கணக்கையும் திருப்பி எண்ணச் சொன்னார். அந்தச் சீட்டுப் புத்தகத்தில் இரண்டு தவணைக்கு வரவு எழுதவில்லை. கேஷியரான எனக்கு அது கண்ணில் பட்டது. ஊரில் யாரும் தராத லாபம் கிடைக்கப்போகிறதே என்று கேட்காமல் விட்டேன். ஆக, ஏமாந்தது என் வெள்ளை மனசு அல்ல. என் ஆசை ஏமாந்தது. பழியை வெள்ளை மனசின்மேல் போட்டு, பதினாறு வருஷம் அதைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.

கபடின்மை வேறு, பேதைமை வேறு

இங்கே சிலர் கேட்பீர்கள்: "பிரதர், இந்தக் காலத்தில் வெகுளியாக இருந்தால் வாழ முடியுமா? போனில் யாராவது பேசி நம்பர் கேட்கிறான், சொன்னால் பேங்க் பணம் போய்விடுகிறதே!" நியாயமான கேள்வி. வேதம் எல்லாவற்றையும் நம்புகிறவனைப் பேதை என்றுதான் நீதிமொழிகள் 14-ல் சொல்லுகிறது. கிபியோனியரைப் பாருங்கள் (யோசுவா 9). பூசணம் பூத்த அப்பம், கிழிந்த துருத்தி, பழைய செருப்பு என்று வேஷம் போட்டு வந்தார்கள். இஸ்ரவேலர் ஏமாந்தார்கள். ஏன்? அந்நியரைச் சேர்த்துக்கொள்ள மனசு வைத்ததாலா? கர்த்தரிடத்தில் கேட்கவில்லை என்று வேதமே காரணத்தைச் சொல்லுகிறது. பிள்ளை செய்கிறதை அவர்கள் செய்யவில்லை. புதிதாக ஒருவர் மிட்டாய் நீட்டினால் பிள்ளை முதலில் அம்மா முகத்தைத்தானே திரும்பிப் பார்க்கும்?

அப்போஸ்தலனாகிய பவுலும் 1 கொரிந்தியர் 14-ல் துர்க்குணத்தில் குழந்தைகளாகவும், புத்தியிலே தேறினவர்களாகவும் இருக்கச் சொல்லுகிறார். இரண்டும் ஒரே ஆளுக்குச் சொன்னது. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். வேதத்தை ஆராய்வதில் குழந்தையாக இருக்கிறோம். அடுத்தவருடைய உள்நோக்கத்தை ஆராய்வதில் கிழவர்களாக இருக்கிறோம்!

"அப்படியானால் சபையில் ஒழுங்கு வேண்டாமா?" என்று மூப்பர்கள் கேட்கலாம். வேண்டும். பவுல் அதே அதிகாரத்தைக் கிரமத்தைப் பற்றிச் சொல்லித்தான் முடிக்கிறார். தாவீதும் அதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டான். முதல் தரம் பெட்டியைப் புது ரதத்தில் ஏற்றினான், ஊசா செத்துப்போனான். இரண்டாம் தரம் லேவியர் தோளில் சுமந்தார்கள், மோசே கற்பித்த முறைப்படி. ஆனால் கவனியுங்கள், முறை சரியானபின் தாவீதுடைய ஆட்டம் குறைந்ததா? ஆறு தப்படி நடந்ததும் பலி செலுத்தினான், பிறகு முழுப் பலத்தோடும் ஆடினான். முறை பெட்டிக்கு. ராஜாவினுடைய கால்களுக்கு யாரும் முறை எழுதிக் கொடுக்கவில்லை.

மாற்கு 10-ல் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டுகிறார்கள். சீஷர்களும் ஒழுங்கைக் காக்கிறதாகத்தான் நினைத்திருப்பார்கள். அதைக் கண்டு ஆண்டவருக்கு மனக்கொதிப்பு வந்தது. அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற வார்த்தை வேறு இடங்களிலும் வருகிறது. மத்தேயு 21-ல் தேவாலயத்தில் பிள்ளைகள் ஓசன்னா என்று ஆர்ப்பரித்தபோது பிரதான ஆசாரியருக்கு வந்த கோபத்துக்கும் அதே வார்த்தை. மாற்கு 14-ல் ஒரு ஸ்திரீ பரணியை உடைத்துத் தைலத்தை ஊற்றினபோது அங்கிருந்தவர்களுக்கு வந்த எரிச்சலுக்கும் அதே வார்த்தை. பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டு எரிந்தவர்கள் உண்டு, கணக்கில்லாத அன்பைப் பார்த்து எரிந்தவர்கள் உண்டு. நம்முடைய ஆண்டவரோ பிள்ளைகளைத் தடுத்தவர்கள்மேல் எரிந்தார்.

அந்தத் தைலத்தின் விலை முந்நூறு பணத்துக்கும் அதிகம். கூலிக்காரனுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் என்று மத்தேயு 20-ல் இருக்கிறது. ஓய்வுநாட்களைக் கழித்தால் கிட்டத்தட்ட ஒரு வருஷக் கூலி. அதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கலாமே என்று யூதாஸ் கேட்டதாக யோவான் எழுதுகிறார். ஒரு கேஷியராகச் சொல்லுகிறேன், யூதாஸ் போட்ட கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. பணப்பை வைத்திருந்தவன் அல்லவா! அவள் மட்டும் மறுநாள் காலையில் யோசித்துச் செய்யலாம் என்று போயிருந்தால், அந்த வாரத்தில் ஆண்டவருடைய சரீரத்தை அடக்கத்துக்கென்று அபிஷேகம்பண்ண வேறொருவரும் இல்லை. வாரத்தின் முதலாம் நாளில் கந்தவர்க்கங்களோடு கல்லறைக்குப் போன ஸ்திரீகள் வெறும் கையாகவல்ல, நிறைந்த கையோடுதான் திரும்பவேண்டியதாயிற்று.

நியூ கீ ஊரில் ஒரு வாலிபப் பெண்

இதை எழுத உட்கார்ந்தபோது வேல்ஸ் தேசத்து எழுப்புதல் நினைவுக்கு வந்தது. அந்த எழுப்புதல் என்றதும் நாம் இவான் ராபர்ட்ஸ் பெயரைச் சொல்லுவோம். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டின 26 வயது வாலிபர். 1904 அக்டோபர் 31-ல் லவ்கோர் என்ற தன் சொந்த ஊரில் கூட்டத்தைத் தொடங்கினார். சுமார் ஒரு லட்சம் பேர் ஆண்டவரிடம் வந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கூட்டங்களில் அச்சடித்த நிகழ்ச்சி நிரல் இல்லை. யார் பாடத் தொடங்குவார், யார் ஜெபிப்பார் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்னால், 1904 பிப்ரவரியில், நியூ கீ என்ற கடலோர ஊரில் ஒரு சிறிய வாலிபர் கூட்டம் நடந்தது. ஜோசப் ஜென்கின்ஸ் என்கிற போதகர், வாலிபர்கள் தங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார். ஃபிளாரி எவன்ஸ் என்கிற இளம் பெண் எழுந்து, இயேசுவை முழு இருதயத்தோடும் நேசிக்கிறேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அவ்வளவுதான். அதற்கு வசன ஆதாரமோ விளக்கமோ அவள் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் கூட்டம் உடைந்தது. அந்த வாலிபர்கள் பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள். அந்த அக்கினிதான் வேல்ஸ் எழுப்புதலின் ஆரம்பப் பொறி என்று சரித்திரத்தை எழுதினவர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள்.

இதை நான் வாலிபத்தில் வாசித்தபோது அந்தப் பெண்ணைத்தான் நினைத்து ஆச்சரியப்பட்டேன். இப்போது ஜென்கின்ஸ் ஐயாவை நினைத்து ஆச்சரியப்படுகிறேன். பெண் நடுங்கிக்கொண்டு பேசி முடித்த அந்த நொடியில், அவர் கையைத் தட்டி ஒரு பாட்டைத் தொடங்கவில்லை, பாருங்கள்.

மறுபடியும் அந்த வீட்டுக்கு

என் மனைவி சொன்ன பிறகும் நான் உடனே போகவில்லை. அதுதான் என் சுபாவம். போனால் தப்பாக நினைப்பாரோ, குடித்திருக்கிற நேரமாக இருந்தால் என்ன செய்வது, பாஸ்டர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று நாலு மாதத்தை ஓட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் பென்ஷன் விஷயமாக டவுனுக்குப் போய்த் திரும்பும்போது, பஸ் அவர்கள் தெரு முனையில் நின்றது. என் ஸ்டாப் இன்னும் இரண்டு தாண்டி. என்னமோ, இறங்கிவிட்டேன். இறங்கின பிறகுதான் யோசித்தேன். என் வாழ்க்கையில் இப்படி நடந்தது அபூர்வம். கையில் வீட்டுக்கு வாங்கின அரைக்கிலோ அல்வா இருந்தது. அதைக் கொண்டுபோனேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டார். நான் நின்றபடியே சொன்னேன். "தம்பி, அன்னைக்கு நீங்க எந்திரிச்சதை நான் பாக்கலை. பாத்திருந்தாலும் பாட்டைத் தொடங்கியிருப்பேன். என்னை மன்னிச்சுக்கோங்க."

அவர் கொஞ்ச நேரம் சைக்கிள் செயினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்ன சொல்லணும்னு எந்திரிச்சேன்னு எனக்கே மறந்துபோச்சு ஐயா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அந்த வார்த்தை இனி எந்தக் கூட்டத்திலும் திரும்பி வராது.

"இப்போ எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். "நாலு நாள் நிக்கேன், அஞ்சாம் நாள் விழுறேன்" என்றார். இன்றைக்கும் அவருடைய போராட்டம் தீர்ந்துவிட்டதென்று நான் எழுத முடியாது. சில வருஷங்களில் நீண்ட காலம் நின்றார், பிறகு விழுந்தார், பிறகு எழுந்தார். கடைசி வரிசைத் தூண் ஓரம் சில ஞாயிறு நிரம்பியிருக்கும், சில ஞாயிறு காலியாக இருக்கும். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டார்கள். ஜெபம்பண்ணலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். என் ஜெபம் எப்படி இருக்கும் என்று சபையாருக்குத் தெரியும், ஆதியாகமத்தில் தொடங்கும். அதற்குள் அந்தப் பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தொடங்கிவிட்டான். அல்வாவுக்காக ஸ்தோத்திரம் சொன்னான். அது சூடாக இருக்கிறதற்காகத் தனியாக ஒரு ஸ்தோத்திரம் சொன்னான். ஆட்டுக்குட்டிக்காக, கணக்குப் பரீட்சையில் பக்கத்துப் பையன் காட்டிக்கொடுத்த இரண்டு விடைகளுக்காக, அப்பா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டதற்காக ஸ்தோத்திரம் சொன்னான். இரண்டு விடைகளைக் கேட்டபோது அவனுடைய அம்மா "ஏல!" என்றார்கள்.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறக்கக் கூடாதென்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். எதிரே அவனுடைய அப்பா குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

பையன் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ஆமென் சொல்லலை தாத்தா" என்றான்.